விடுபட்ட ஒரு வரி: அமெரிக்கப் படைவீரர் பதிவேடு, அன்றும் இன்றும்

அமெரிக்க ராணுவத்திலிருந்து விலகி வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். டிடி-214 என்று அதற்குப் பெயர். 1950-ல் வழக்கத்துக்கு வந்த படிவம் இது. எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், என்ன பதவி, என்ன வேலை, எந்த முறையில் விடுவிக்கப்பட்டார் என்பதெல்லாம் கட்டம் கட்டமாக அதில் பதிந்திருக்கும். இப்போதைய படிவத்தில் 13-ஆவது கட்டம் விருதுகளுக்கு உரியது. பதக்கங்கள், சின்னங்கள், போர்முனை நட்சத்திரங்கள், படைப்பிரிவு மொத்தத்துக்கும் கிடைத்த பாராட்டுகள் ஆகியவற்றை அந்தச் சின்ன இடத்துக்குள் நெருக்கி எழுதுவார்கள்.

அந்தக் கட்டத்தில் ஒரு வரி விட்டுப்போனால் மானம் மட்டும் குறைவதில்லை, வாழ்க்கையும் தடுமாறும். போர்முனைப் பதக்கம் பெற்றவருக்கு மத்திய அரசு வேலைத் தேர்வில் 5 மதிப்பெண் கூடுதலாகச் சேரும். போர்க்காயம் பட்டவருக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் இருந்தால் அது 10 ஆகும். முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் வரிசை எங்கே தொடங்குகிறது என்பதைக்கூட அந்தப் பதக்கம் மாற்றும். இத்தனையும் ஒரு எழுத்தர் தட்டச்சு செய்த, அல்லது செய்யத் தவறிய, ஒரு வரியில் தொங்குகின்றன.

உரியது பதிவேட்டில் ஏறாமல் போவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. ஆனால் அதைத் திருத்தும் வழி இந்த 80 ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைச் சொல்லும்போது, மாறாமல் நிற்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டு நாளில் முடித்த கணக்கு

1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் ஓய்ந்தபோது அமெரிக்கத் தரைப்படையில் 80 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள். 1946 ஜூன் முடிவில் அது 20 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இவ்வளவு பேரை இவ்வளவு வேகமாக ஊருக்கு அனுப்பிய நாடு அதற்கு முன் இருந்ததில்லை.

யார் முதலில் கப்பல் ஏறுவது என்பதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருந்தார்கள். படையில் கழித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 1, அதில் கடல் கடந்து கழித்த மாதத்துக்கு மேலும் 1, ஒவ்வொரு விருதுக்கும் போர்முனை நட்சத்திரத்துக்கும் 5, வீட்டில் காத்திருக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் வரை 12. மொத்தம் 85 தேறினால் ஊருக்குப் போகலாம். ஆகவே தன் கணக்கில் எத்தனை நட்சத்திரம், எத்தனை பதக்கம் என்பது அன்றைய வீரனுக்கு மனப்பாடம்.

அந்தக் கணக்கு தாளில் ஏறிய இடம் வேறு. ஃபோர்ட் டிக்ஸ், கேம்ப் ஆட்டர்பரி போன்ற விடுவிப்பு மையங்களில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். வந்தவரை இரண்டு நாளில் அனுப்பிவிட வேண்டும் என்பதே மையங்களின் இலக்கு. அன்று கொடுத்த தாளின் முன்பக்கம் கண்ணியமான விடுவிப்புச் சான்றிதழ், பின்பக்கம் பணி விவரம். அந்தப் பின்பக்கத்தில் 32-ஆவது கட்டம் கலந்துகொண்ட போர்களுக்கு, 33 விருதுகளுக்கு, 34 போரில் பட்ட காயங்களுக்கு. பெயரும் படை எண்ணும் ஊரும் தட்டச்சில் ஏறியபின், வீரரின் வலது பெருவிரல் ரேகையை அதில் பதிந்து வாங்குவார்கள். ரேகை வைத்தால் வீடு. 33-ஆவது கட்டத்தில் ஒன்று குறைகிறதே என்று சொன்னால், கோப்பு வரும்வரை இன்னும் சில நாள் தங்க வேண்டியிருக்கும். மூன்று வருஷமாகத் தாயைப் பார்க்காத பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்? ரேகையை வைத்துவிட்டு ரயிலைப் பிடித்தான்.

எழுத்தர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தங்கள் முன் இருந்த கோப்பில் என்ன இருந்ததோ அதைத்தான் அவர்கள் எழுதினார்கள். காயம்பட்டு இங்கிலாந்து மருத்துவமனைக்குப் போனவரின் கம்பெனி அதற்குள் ஜெர்மனிக்குள் முன்னேறிவிட்டிருக்கும். அங்கே வெளியான விருது ஆணை அவர் கோப்பைத் தேடி மருத்துவமனைக்கு வந்து சேர்வதில்லை. படைப்பிரிவு மாறியவர்களுக்கும் இதே கதி.

இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் உலோகம் துப்பாக்கிக்கும் குண்டுக்கும் போனது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்குப் போர்முனைக்கான பதக்கத்தை 1942-ல் அறிவித்தார்கள். வீரர்களுக்குக் கிடைத்ததோ மார்பில் குத்திக்கொள்ளும் துணிப்பட்டை மட்டும். உலோகப் பதக்கம் 1947-ல்தான் வந்தது, முதலாவது தளபதி ஐசனோவருக்குப் போனது. அதற்குள் லட்சக்கணக்கானோர் வயலுக்கும் ஆலைக்கும் கல்லூரிக்கும் திரும்பியிருந்தார்கள். அதே 1947-ல், போர்முனைக் காலாட்படைச் சின்னம் பெற்ற இரண்டாம் உலகப்போர் வீரர்கள் எல்லோருக்கும் வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கும் தகுதி உண்டு என்று ராணுவம் முடிவு செய்தது. சேற்றிலும் பனியிலும் கிடந்த சாதாரணக் காலாட்படைக்காரனுக்குச் செய்த நியாயமான மரியாதை அது. ஆனால் கேட்டு எழுதினால்தான் பதக்கம். அப்படி ஒரு முடிவு வந்திருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

காங்கிரஸ் வரை போன மனு

தவறைத் திருத்த அன்று என்ன வழி? 1946-க்கு முன்பு ஒருவரின் ராணுவப் பதிவைத் திருத்த வேண்டுமென்றால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அவர் பெயருக்கென்றே ஒரு தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. தொகுதி உறுப்பினரைத் தெரிந்தவர்களுக்கு, அவரிடம் எடுத்துச் சொல்ல ஆள் இருந்தவர்களுக்கு அது கைகூடும். தெற்கு மாநிலங்களில் வாக்களிக்கவே விடப்படாத கறுப்பின வீரருக்கு எந்த உறுப்பினர் மசோதா கொண்டுவருவார்?

தனி மசோதாக்கள் குவிந்து அவையின் நேரத்தைத் தின்றன. 1946-ல் நிறைவேறிய நாடாளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் அந்த வழியை அடைத்தது. அதற்குப் பதிலாக, பதிவைத் திருத்தும் அதிகாரத்தைப் படைத்துறைச் செயலர்களிடம் கொடுத்து, ராணுவத்தைச் சேராத குடிமக்கள் உறுப்பினர்களாக இருக்கும் வாரியத்தின் வழியே அதைச் செயல்படுத்தச் சொன்னது. படைப்பதிவுத் திருத்த வாரியங்கள் இப்படித்தான் பிறந்தன. சீருடை அணிந்தவர்கள் செய்த பிழையைச் சீருடை அணியாதவர்கள் விசாரிக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. தவறு தெரியவந்த மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், ஆனால் நீதியின் பொருட்டு வாரியம் அந்தக் கெடுவைத் தளர்த்தலாம் என்று ஒரு வாசலையும் பின்னர் வந்த சட்டம் திறந்து வைத்தது. அந்த வாசல் வழியாகப் பல பத்தாண்டுகள் கழித்தும் மனுக்கள் உள்ளே போயிருக்கின்றன.

எவ்வளவு பழைய தவறு வரை அது எட்டும் என்பதற்கு மேரி வாக்கரின் கதை போதும். உள்நாட்டுப் போரில் அறுவைச் சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றிய அவருக்கு 1865-ல் நாட்டின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் வழங்கப்பட்டது. 1917-ல் தகுதிகளை மறுஆய்வு செய்த ராணுவம் 911 பேரின் பெயர்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதில் அவர் பெயரும் இருந்தது. பதக்கத்தைத் திருப்பித் தர மறுத்த மேரி வாக்கர் 1919-ல் சாகும்வரை அதை அணிந்தார். 1977-ல் திருத்த வாரியத்தின் பரிந்துரையை ஏற்று ராணுவச் செயலர் அந்த விருதை மீட்டுக் கொடுத்தார். இன்றுவரை அந்த விருதைப் பெற்ற ஒரே பெண் அவர்தான்.

1973 ஜூலை 12

பதிவு தவறாக இருந்தால் திருத்தலாம். பதிவே இல்லாமல் போனால்?

மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஓவர்லாந்தில் தேசியப் பணியாளர் ஆவண மையம் ஆறு மாடிக் கட்டடத்தில் இயங்கிவந்தது. நாட்டின் பழைய படைவீரர்களின் கோப்புகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. 1973 ஜூலை 12, நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. கோப்பறைகளில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு கிடையாது. 42 தீயணைப்பு வட்டாரங்களிலிருந்து வண்டிகள் வந்தன. முற்றிலும் அணைய நான்கு நாளுக்கு மேல் ஆனது.

1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போனது. 1947 செப்டம்பரிலிருந்து 1964 தொடக்கம் வரை விலகிய விமானப்படையினரில், பெயர்வரிசையில் ‘ஹப்பர்ட்’ என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில் சுமார் 75 சதவீதம் போனது. நகல் எடுத்து வைக்கவில்லை, நுண்படச்சுருளும் இல்லை. எந்தெந்தக் கோப்பு அங்கே இருந்தது என்பதற்கு ஒரு பட்டியல்கூட இல்லை. இரண்டு உலகப்போர்கள், கொரியப்போர் என மூன்று தலைமுறை வீரர்களின் சாட்சியம் ஒரே மாடியில் இருந்தது.

தப்பியவற்றைத் தண்ணீர் நனைத்திருந்தது. ஜூலை வெயிலில் ஈரக் காகிதத்தில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. பிளாஸ்டிக் பால் கூடைகளில் கோப்புகளை அள்ளி, விண்வெளிச் சோதனைகளுக்காக மெக்டானல் டக்ளஸ் நிறுவனம் வைத்திருந்த வெற்றிட அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 2,000 கூடைகள் உள்ளே போயின. ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 8 டன் தண்ணீர் காகிதத்திலிருந்து வெளியேறியது. இப்படி 65 லட்சம் கோப்புகளை மீட்டார்கள்.

ஆனால் தீயில் போனவர்களின் நிலைமை கொடுமையாக இருந்தது. விடுபட்ட பதக்கத்தைச் சேர்க்கச் சொல்லி எழுதினால், உங்கள் கோப்பு தீவிபத்தில் அழிந்திருக்கலாம், உங்களிடம் உள்ள ஆவணத்தை அனுப்புங்கள் என்று பதில் வரும். ஆவணத்தைப் பத்திரமாக வைத்திருப்பதாக ஏற்றுக்கொண்டது அரசு. நிரூபிக்கும் சுமையோ வீரர் தலையில். வீட்டுப் பரணில் அந்த ஒற்றைத் தாளைப் பாதுகாத்தவர்கள் தப்பினார்கள்.

ஓரம் கருகிய கோப்புகள்

இன்று அந்த மையம் செயின்ட் லூயிஸுக்கு வடக்கே ஸ்பானிஷ் லேக்கில் 2011-ல் திறந்த புதிய கட்டடத்தில் இருக்கிறது. மீட்ட கோப்புகளை வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய தனி அறையில் வைத்திருக்கிறார்கள். ஒரு வீரரின் மனு வந்து, அவர் கோப்பு இந்த அறையில் கிடைத்தால், அது முதலில் பாதுகாப்புக்கூடத்துக்குப் போகும். கையுறை அணிந்த ஊழியர் பூஞ்சையைத் துடைப்பார். ஒட்டிக்கொண்ட தாள்களை மெல்லப் பிரிப்பார். நடுப்பகுதி பழுப்பாகவும் ஓரங்கள் கரியாகவும் இருக்கும். அவசரமாகத் திருப்பினால் அந்தக் கரி செதில் செதிலாக உதிரும், உதிர்ந்ததோடு ஒரு ஊரின் பெயரோ தேதியோ போய்விடும். கருகிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்துப் படிக்கவும் இப்போது முடிகிறது. ஒரே ஒரு வரியைப் படிப்பதற்காக இத்தனை பாடு படும் இந்த மனிதர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

கோப்பே மிஞ்சாதவர்களுக்கு வேறு தடங்களைத் தேடுகிறார்கள். விடுவிப்பின்போது கொடுத்த கடைசிச் சம்பளப் பட்டி ஒரு தடம். முன்னாள் படைவீரர் நலத்துறையில் அவர் எப்போதோ கொடுத்த விண்ணப்பம் இன்னொன்று. 1988-ல் இந்த மையத்துக்குக் கைமாறிய கணினி நாடாக்களில் 1942 முதல் 1945 வரையும், 1950 முதல் 1954 வரையும் ராணுவ மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களின் பதிவுகள் லட்சக்கணக்கில் இருந்தன. பெயர் இல்லாமல் படை எண் மட்டும் இருந்த அந்தப் பதிவுகள், எந்தக் காயத்துக்காக எங்கே சிகிச்சை என்பதைச் சொல்லின.

இவற்றில் மிக மதிப்பானது ‘காலை அறிக்கை’. ஒவ்வொரு கம்பெனியும் தினமும் காலையில் மேலிடத்துக்கு அனுப்பிய ஆள்கணக்கு அது. முதல்நாளுக்கும் இன்றைக்கும் இடையே யார் வந்தார், யார் போனார், யார் செத்தார், யார் மருத்துவமனைக்குப் போனார் என்று அன்றாட மாற்றம் மட்டும் அதில் இருக்கும். பெயர், பதவி, படை எண், பக்கத்தில் எல்.டபிள்யூ.ஏ. என்று மூன்றெழுத்து. போரில் லேசான காயம் என்று அதற்குப் பொருள். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில் யாரோ ஒரு கம்பெனி எழுத்தர் வழக்கமான வேலையாக அடித்த அந்த மூன்றெழுத்து, அறுபது எழுபது ஆண்டு கழித்து ஒருவருக்குப் பர்ப்பிள் ஹார்ட் கிடைக்கச் சாட்சியாகிறது. காலை அறிக்கைகளில் பல பகுதிகள் இப்போது எண்மமாக்கப்பட்டு வருகின்றன. பேத்தி வீட்டில் உட்கார்ந்தபடி தாத்தாவின் கம்பெனியைத் தேதி வாரியாகப் பின்தொடரலாம். 1950-களில் எந்த வழக்கறிஞராலும் செய்ய முடியாத காரியம் இது.

ஊர் திரும்பிய பிறகு வந்த விருதுகள்

எழுத்தர் தவறாலும் தீயாலும் விடுபட்டவை ஒருபுறம். வீரர் வீடு திரும்பிப் பல ஆண்டு கழித்து அரசே அறிவித்த விருதுகள் மறுபுறம்.

கொரியப்போரில் உதவிக்கு வந்த படையினருக்குத் தென்கொரியா 1951-லேயே ஒரு பதக்கத்தை அளிக்க முன்வந்தது. அமெரிக்கா அதை ஏற்று அணிய அனுமதித்தது 1999 ஆகஸ்டில். இருபது வயதில் போருக்குப் போனவர்கள் எழுபதை நெருங்கியிருந்தார்கள். போர்நிறுத்தத்துக்குப் பிறகு கொரிய எல்லையைக் காத்தவர்களுக்கு 2002-ல் ஒரு பதக்கம் சட்டமாகி, 1954 ஜூலை 28 முதல் பின்னோக்கிச் செல்லுபடியானது. போர்க்கைதிகளாக இருந்தவர்களுக்கான பதக்கம் 1985-ல் உருவாகி முதல் உலகப்போர் வரை பின்னோக்கிப் போனது. வியட்நாமில் பணியாற்றிய தரைப்படைப் பிரிவுகள் அனைத்துக்கும் அந்நாட்டின் வீரச் சிலுவைப் பாராட்டு உண்டு என்று 1974-ல் ஒரு பொது ஆணை வந்தது. 1968-லோ 1970-லோ வீடு திரும்பியவரின் டிடி-214-ல் அது எப்படி இருக்கும்?

ஆகவே இன்றும் பழைய படைவீரர் சங்கங்களில் யாராவது ஒருவர் இன்னொருவரின் தாளை வாங்கிப் பார்த்து, உனக்கு இன்னும் இரண்டு வரவேண்டும் என்று சொல்வது சாதாரணம். விருது பொது ஆணையில் எல்லோருக்கும் வந்தது. பதிவேடு ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் திருந்தும்.

இன்று ஒரு திருத்தம் நடக்கும் விதம்

முதல் படி எளிது. வீரரோ, அவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினரோ இணையத்தில் அல்லது எஸ்.எஃப்.-180 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். கோப்பில் ஆதாரம் இருந்து எழுத்தில் மட்டும் விட்டுப்போயிருந்தால், வாரியம் வரை போக வேண்டியதில்லை. தரைப்படைக்கு ஃபோர்ட் நாக்ஸ், கடற்படைக்கு மில்லிங்டன், விமானப்படைக்கு சான் அன்டோனியோ என்று அந்தந்தப் படையின் பணியாளர் அலுவலகமே சரிபார்த்துச் சேர்த்துவிடும். பழைய தாளைப் பொதுவாகக் கிழித்து எழுத மாட்டார்கள். டிடி-215 என்ற திருத்தத் தாளை அதோடு இணைத்துத் தருவார்கள். பதக்கத்தையும் இலவசமாக அனுப்புவார்கள்.

கோப்பில் தெளிவில்லை, அல்லது அலுவலகம் மறுத்துவிட்டது என்றால் அடுத்தது டிடி-149. இது வாரியத்துக்கான மனு. இங்கேதான் உழைப்பு தேவைப்படும். படைப்பிரிவுகள் எந்தெந்தத் தேதியில் எந்தப் போரில் பங்கேற்றன, என்ன பாராட்டு பெற்றன என்று ராணுவமே அச்சிட்ட பட்டியல்கள் உண்டு. தன் பிரிவும் தேதியும் தெரிந்தவர் அதில் தன் உரிமையைக் காட்டலாம். சக வீரர்களின் சத்தியவாக்குமூலம், அன்று வீட்டுக்கு எழுதிய கடிதம், தேதியிட்ட புகைப்படம், மருத்துவச் சீட்டு எல்லாம் சேரும். 90 சதவீத மனுக்களைப் பத்து மாதத்துக்குள்ளும், எல்லா மனுக்களையும் 18 மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெயர்களை மறைத்துப் பழைய தீர்ப்புகளை வாரியங்கள் இணையத்தில் வெளியிடுகின்றன. தன்னைப் போன்ற ஒருவருக்கு எந்த ஆதாரம் போதுமானதாக இருந்தது என்று மனுதாரர் படித்துப் பார்க்கலாம். ஆளைத் தெரிந்தால் மட்டும் நடந்த காலத்திலிருந்து இது பெரிய தூரம்.

வேகத்துக்கு உத்தரவாதம் இன்னும் இல்லை. கொரோனாவில் 2020 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் மையம் மூடியபோது, காகிதக் கோப்பை எடுத்துப் பார்க்க ஆள் இல்லாமல் விண்ணப்பங்கள் குவிந்தன. 2022-ல் தேக்கம் 6 லட்சத்தைத் தாண்டியது. முழுதும் தீர 2024 வரை ஆனது.

சாட்சிகள் உள்ள வழக்கும் சாட்சிகள் எரிந்த வழக்கும்

கென்டக்கி மாநிலத்தின் கிளின்டன் கவுண்டியில் புகையிலை பயிரிட்ட விவசாயி கார்லின் கானர். 1945 ஜனவரி 24 அன்று பிரான்சின் ஹூஸன் அருகே, பீரங்கிகளுக்குக் குறி சொல்வதற்காகத் தொலைபேசிக் கம்பியை இழுத்துக்கொண்டு தனியாக முன்னே ஓடினார். ஒரு ஆழமில்லாப் பள்ளத்தில் மூன்று மணி நேரம் படுத்துக் குறி சொன்னார். எதிரிகள் நெருங்கியபோது தான் படுத்திருந்த இடத்தின் மேலேயே குண்டு போடச் சொன்னார். வீடு திரும்பிய பிறகு போரைப் பற்றி அதிகம் பேசவில்லை. 1996-ல் போர்க்காலத்தில் இறந்த தன் மாமனைப் பற்றி விசாரிக்க வந்த ஒரு முன்னாள் வீரர், அவருடைய விருதுகளையும் காகிதங்களையும் பார்த்து அசந்துபோனார். உயரிய விருது கோரி மனு எழுந்தது. 1997-ல் வாரியம் மறுத்தது. 1998-ல் கானர் இறந்தார்.

மனைவி பாலின் விடவில்லை. நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்கள் கிடைத்தன. மீண்டும் மறுப்பு. வழக்குக்கான காலக்கெடு தாண்டிவிட்டதென்று 2014-ல் மாவட்ட நீதிமன்றம் தள்ளியது. மேல்முறையீட்டில் சமரசம் பேசப்பட்டு, 2015-ல் வாரியம் ஏற்றது. 2018 ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையில் கணவரின் மெடல் ஆஃப் ஹானரைப் பாலின் பெற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் ஒரு விதவை அரசுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

வேவர்லி வுட்சனுக்கு அந்தச் சாட்சிகளும் மிஞ்சவில்லை. கறுப்பினத்தவருக்கென்று தனியாக வைத்த 320-ஆவது தடுப்பு பலூன் பட்டாலியனின் மருத்துவ உதவியாளர் அவர். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் கரையேறும்போதே குண்டுச் சில்லு பட்டு, அந்தக் காயத்தோடு 30 மணி நேரம் வேலை செய்து குறைந்தது 200 பேருக்குச் சிகிச்சை தந்தார். உயரிய விருதுக்கு அவர் பெயர் பேசப்பட்டதற்கு ட்ரூமன் நூலகத்தில் ஒரு குறிப்பு உண்டு. அவரது பணிக்கோப்பு 1973 தீயில் போயிற்று. 2005-ல் அவர் மறைந்தார். அதற்கு அடுத்த நிலை விருதான டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் அவருக்கு அறிவிக்கப்பட்டது 2024-ல், அந்தக் கடற்கரைக்கு 80 ஆண்டு நிறையும் நாளையொட்டி.

அரசே தேடினால்

மாறியவற்றைக் கூட்டிப் பார்த்தால் மனம் நிறைகிறது. தனி மசோதா போய் வாரியம் வந்தது. ஒற்றைக் கோப்பை நம்பியிருந்த நிலை போய் சம்பளப் பட்டி, காலை அறிக்கை, மருத்துவப் பதிவு என்று பல சாட்சிகள் வந்தன. எதுவும் தெரியாமல் எழுதிப்போட்ட மனு போய், முன்தீர்ப்பைப் படித்து எழுதும் மனு வந்தது.

மாறாதது ஒன்றுதான். இன்றும் கேட்க வேண்டியவர் வீரர். தனக்கு என்ன வரவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியவரும் அவரே, நிரூபிக்க வேண்டியவரும் அவரே. எவ்வளவு முறை சீர்திருத்தினாலும் இந்த அடிப்படை 1946-ல் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. அரசு தானே தேடிய நேரங்கள் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கறுப்பினத்தவர் சீருடை அணிந்தும் ஒருவருக்குக்கூட மெடல் ஆஃப் ஹானர் கிடைக்கவில்லையே என்று 1990-களில் ராணுவம் ஆய்வு நடத்தியது. 1997 ஜனவரி 13 அன்று ஏழு பேருக்கு அந்த விருது வழங்கப்பட்டது. அப்போது உயிரோடு இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. ஆசிய அமெரிக்க வீரர்களின் விருதுகளை மறுஆய்வு செய்யச் சொன்ன சட்டத்தால் 2000 ஜூனில் 22 பேருக்கும், யூத, ஸ்பானிய மரபு வீரர்களுக்கான மறுஆய்வால் 2014 மார்ச்சில் 24 பேருக்கும் அதே விருது கிடைத்தது. இதற்கு இவர்கள் மனுப் போட வேண்டியிருக்கவில்லை. அரசு பழைய பெட்டிகளைத் திறந்தது, சாட்சியம் உள்ளே இருந்தது.

உயரிய விருதுக்குச் செய்ததை ஒரு போர்முனை நட்சத்திரத்துக்கும் செய்யலாம். அது இன்னும் சுலபம்கூட. வீரச்செயலை எடைபோட ஆள் வேண்டும், விவாதம் வேண்டும். பிரிவுக்குக் கிடைத்த பாராட்டுக்கோ, போர்முனைப் பதக்கத்துக்கோ பிரிவின் பெயரும் இரண்டு தேதிகளும் இருந்தால் போதும். அவை ஏற்கெனவே அரசின் கையில் இருக்கின்றன. ஒரு பொது ஆணை வெளியாகும் அன்றே, அது யார் யாருக்குப் பொருந்தும் என்று பார்த்து அவர்கள் வீட்டுக்குத் திருத்தத் தாளை அனுப்ப இன்றைய கணினிக்குச் சிரமம் இல்லை. கோப்பு எரிந்தவர்கள் விஷயத்தில் இது இன்னும் கட்டாயம். ஆதாரத்தைத் தொலைத்தவர் அதைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது எந்த ஊர் நியாயத்திலும் சேராது.

இரண்டாம் உலகப்போர் வீரர்களில் எஞ்சியிருப்பவர்கள் நூறு வயதை ஒட்டி இருக்கிறார்கள். கொரியாவுக்குப் போனவர்கள் தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். வியட்நாம் வீரர்கள் பெரும்பாலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நிற்கிறார்கள். விலகி 62 ஆண்டு ஆன கோப்புகள் பொது ஆவணமாகிவிடுகின்றன, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், பெரியவர் இருக்கும்போதே அந்தத் தாளை அவரோடு உட்கார்ந்து படிக்க வேண்டும், விடுபட்டதைக் கேட்க வேண்டும். அரசோ அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. போருக்கு அழைத்தபோது வீடு தேடி ஆணை அனுப்பத் தெரிந்த அரசுக்கு, அங்கே அவர்கள் சம்பாதித்ததை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கவும் தெரிய வேண்டும்.